ஏழு பேருக்கு லத்தீன்

வெர்னெட்டா மோப்ளியின் நாற்காலியில் உட்கார்ந்தால் அரை நாள் எழுந்திருக்க முடியாது. தலை முழுக்கப் பொடிப் பின்னல் போட அவ்வளவு நேரம் பிடிக்கும். ரயில் தண்டவாளத்துக்குத் தெற்கே அவளிடம் தலை கொடுக்காத பெண்கள் குறைவு. கைவேகத்துக்குச் சற்றும் குறையாத வாய்வேகமும் அவளுக்கு உண்டு. அந்த ஆகஸ்டில் மாவட்டக் கல்விக் குழு அந்த வாயில் மாட்டிக்கொண்டது.

பள்ளி திறந்த அன்று சாயங்காலம் மகள் ஜோவெல் கடைக்குள் வந்து பையை வீசினாள். பன்னிரண்டாம் வகுப்பு.

“கால்குலஸ் கிடையாதாம்மா. அந்த நேரத்துக்கு என்னை ஆபீஸ் உதவிக்குப் போட்டிருக்காங்க.”

“அப்படின்னா?”

“வகுப்பு வகுப்பாப் போய் துண்டுச்சீட்டு கொடுக்கணும்.”

சீப்பு அந்தரத்தில் நின்றது. நாற்காலியில் இருந்த ரோசெட்டா, “அடியே, கோவத்துல என் முடியை இழுக்காத” என்றாள்.

ஜோவெலுக்குப் பாலம் கட்டப் படிக்க வேண்டும். மாநிலப் பொறியியல் கல்லூரி கால்குலஸ் படிக்காதவளின் விண்ணப்பத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்காகவே இரண்டு கோடை விடுமுறைகளைக் கணக்கு வகுப்பில் கழித்தவள் அவள்.

மறுநாள் காலை பள்ளிக்கே போய்க் கேட்ட வெர்னெட்டாவிடம் பாட ஆலோசகர் திருமதி பிரிட்சட் வெண்ணெய்க் குரலில் விளக்கினார்.

“பதினஞ்சு பேர் சேர்ந்தாத்தான் வகுப்பு நடத்துவோம், மேம். ஒம்போது பேர்தான் கேட்டாங்க. மாவட்டம் முழுக்க ஒரே விதி. யாருக்கும் பாரபட்சம் கிடையாது.”

“போன வருஷம்?”

“போன வருஷமும் ஆள் சேரல.”

மாவட்டம் அச்சிடும் பாடப் பட்டியலில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து வடக்குப் பள்ளிக்கும், ஜோவெல் படிக்கும் தெற்குப் பள்ளிக்கும் கால்குலஸ் உண்டு. காகிதத்தில் இருவரும் சமம். தெற்கில் மட்டும் அது ஒவ்வோர் ஆகஸ்டிலும் செத்துப்போகும், யாரும் அழுவதில்லை.

வெர்னெட்டா கடைக்குத் திரும்பினாள். வந்து உட்கார்ந்த ஒவ்வொரு தாயும் அகப்பட்டாள்.

“உன் பையன் கணக்குல புலியாச்சே. ஏன் கால்குலஸ் கேக்கல?”

“கேக்கலாம்னு யாரும் சொல்லலையே.”

“நான் சொல்றேன். சேத்து விடுறியா? தலையை ஆட்டாத, வகிடு கோணும்.”

“சரின்னுதான்டி ஆட்டுறேன்!”

“வாயால சொல்லு.”

இரண்டு சனிக்கிழமைகளில் குறைந்த ஆறு பேரும் கிடைத்தார்கள். பதினைந்து பேருடன் போனவளைப் பார்த்து பிரிட்சட் உதட்டைப் பிதுக்கினார்.

“பேர் கொடுக்குற கடைசி நாள் ஏப்ரல்லயே முடிஞ்சிடுச்சே, மேம்.”

எனவே கல்விக் குழுக் கூட்டம். பேச வருகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். மேடையில் ஒரு கடிகாரம் சிவப்பாக ஓடும். வெர்னெட்டா எழுதி எடுத்துப்போயிருந்தாள். பின்வரிசை முழுக்க அவள் பின்னிய தலைகள்.

இந்தக் குழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பொதுமக்கள் பேசுவதற்கு முன் பாராட்டு, கைதட்டல், புகைப்படம். அன்றைக்கு வடக்குப் பள்ளியின் உயர்நிலை லத்தீன் மாணவர்கள். மாநிலப் போட்டியில் பரிசு வாங்கியிருந்தார்கள். தலைவர் கிளேட்டன் ருடிசில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடுவில் நின்றார்.

“மத்தவங்களையும் கூப்பிடுங்க, எல்லாரும் படத்துல வரட்டும்” என்றார் ஆசிரியையிடம்.

ஆசிரியை பெருமையாகச் சிரித்தார். “எல்லாரும் வந்தாச்சு சார். என் வகுப்பே இந்த ஏழு பேர்தான்.”

கேமரா மின்னியது. பின்வரிசையில் ஒருத்தி, “ஏழா?” என்றாள், சத்தமாகவே.

வெர்னெட்டா எழுதியிருந்த தாளை மடித்துக் கைப்பையில் போட்டுவிட்டு ஒலிபெருக்கியிடம் போனாள்.

“பதினஞ்சு பேர் இல்லாம வகுப்பு கிடையாதுன்னீங்க. அது எந்தப் பக்கத்துப் பதினஞ்சு, மிஸ்டர் ருடிசில்?”

“அது வந்து, மிஸ் மோப்ளி, பள்ளி முதல்வர் கேட்டா விதிவிலக்கு கொடுப்போம். உங்க முதல்வர் கேக்கல.”

“அப்படி ஒண்ணு இருக்குன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?”

ருடிசில் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தண்ணீர்க் குவளையைப் பார்த்தார்.

“செத்த மொழி படிக்க ஏழு பேருக்கு வாத்தியார் இருக்காங்க. பாலம் கட்ட ஆசைப்படுற என் பொண்ணு சீட்டு தூக்குறா. அந்தப் பசங்க மேல எனக்குக் கோவம் இல்ல, நல்லாப் படிக்கட்டும். இதுக்குப் பேரு ஒரே விதின்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் வயித்தெரிச்சல்!”

கடிகாரம் கத்தியது. “உங்க நேரம் முடிஞ்சது, மேம்.”

அடுத்த பெயர் ரோசெட்டா. எழுந்து வந்தாள். “ஏழு” என்றாள். “மிச்ச நேரம் பூரா நான் இங்கயே நிக்கிறேன்.” மூன்று நிமிடமும் ருடிசிலின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவளும்.

குழு விதிவிலக்கு கொடுத்தது; செப்டம்பர் நடுவில் தெற்குப் பள்ளியில் கால்குலஸ் தொடங்கியது. ஜோவெல் முதல் வரிசையில். வடக்குப் பள்ளி அதற்குள் ஆறு வாரப் பாடத்தை முடித்திருந்தது. மே மாதத் தேர்வு இரண்டு பள்ளிக்கும் ஒரே நாள். விட்டதைப் பிடிக்க ஜோவெல் பள்ளி விட்டபிறகு கடையில், முடி உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சலில், கணக்குப் போட்டாள்.

அக்டோபர் கூட்டத்துக்கு முன் ருடிசிலே தொலைபேசியில் கூப்பிட்டார். புதிய வகுப்பைப் பாராட்ட வேண்டுமாம். மாணவர்கள், பெற்றோர், எல்லோரும் மேடைக்கு வர வேண்டுமாம். ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமாம்.

வெர்னெட்டா தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பின்னலை விடாமல் கேட்டாள்.

“படமா? அந்த ஆறு வாரத்தை முதல்ல திருப்பிக் கொடுங்க, மிஸ்டர் ருடிசில். சிரிக்கிறதைப் பத்தி அப்புறம் பேசலாம்.”