ஓட்டுப்பெட்டிக்கு ஒரு கைலி

தாய்லாந்தின் மகாசாய் இறால் ஆலையில் நுவே யின்னைத் தெரியாதவர்கள் கிடையாது. வாய் அப்படி. இறாலை உரிக்கிற கையோடு மேஸ்திரியையும் உரித்துவிடுவாள். ஆனால் அந்த வருடம் அவளுடைய பாஸ்போர்ட் முடிய இருந்தது. அது போனால் வேலையும் போச்சு. புதுப்பிக்கப் பாங்காக்கிலுள்ள பர்மா தூதரகத்துக்குப் போனவளை, "முதல்ல தேர்தல்ல ஓட்டுப் போடு, அப்புறம் பாஸ்போர்ட்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கூட வேலை பார்க்கும் சான் மியாவுக்கு இது விளங்கவில்லை.

"ஏன்க்கா, நம்ம ஊரைக் கொளுத்தி நம்மளத் துரத்துன பட்டாளத்தான், நமக்கு எதுக்கு ஓட்டு குடுக்குறான்?"

"நம்ம ஊர்ல வரிசையைப் படம் புடிச்சா துப்பாக்கியும் சேந்து விழும்டி. இங்க விழாது. பொழைக்கப் போன சனம்கூட ஆசையா வந்து போடுதுன்னு ஊர் உலகத்துக்குக் காட்டலாம். வராதவ யாருன்னும் தெரிஞ்சுக்கலாம். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

"அப்ப நீ போகாதக்கா."

"போவேன். கூப்பிட்டுட்டான்ல!"

போனாள். தூதரகத்தில் ஓட்டுப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கேமராக்காரன் நின்றான். "சிரிச்சுக்கிட்டே போடும்மா" என்றான். நுவே யின் சிரித்தாள். பையிலிருந்து, தான் கட்டிப் பழசான கைலியை உருவிப் பெட்டியின் தலைமேல் போர்த்தினாள்.

பெண் கட்டிய கைலி மேலே பட்டால் ஆண்பிள்ளையின் தேஜஸ் போய்விடும் என்பது எங்கள் பர்மாக்காரர்களின் பயம். அதிகாரிகள் தேள் கொட்டினாற்போல் பின்வாங்கினார்கள். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கைலியை எடுக்க அங்கிருந்த ஒரே பெண் ஊழியரைக் கூப்பிட்டார்கள். அவளோ மும்முரமாகப் பேனா தேடத் தொடங்கிவிட்டாள்.

பெரிய அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, நீயே எடுத்துடும்மா. பாஸ்போர்ட்ட இப்பவே தர்றேன். நீ ஓட்டுகூடப் போட வேணாம்."

நுவே யின்னின் கை கைலியை நோக்கி நீண்டது. பாஸ்போர்ட் அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. ஆனால் இதே பட்டாளத்தான் சிறையில் போட்ட தம்பியின் நினைப்பு வந்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஓட்டே வேணாமா? அப்ப எதுக்குய்யா இத்தன பேரக் கூப்பிட்ட? அது அங்கயே கெடக்கட்டும். நல்லாப் படம் புடி!"

திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

பாஸ்போர்ட் முடிந்துபோனதால், இப்போது ஆலைக்குப் போலீஸ் வந்தால் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிகிறாள். ஒருநாள் சான் மியா பொறுக்கமாட்டாமல் திட்டினாள்.

"இப்படி ஒளிஞ்சு சாகணும்னு உனக்கென்ன தலையெழுத்தாக்கா?"

"ஒளிஞ்சா என்னடி? ஆசையா ஓட்டுப் போட்டாங்கன்னு அவன் காட்டுற படத்துல நான் இல்ல."