நைட்ரேட் இறங்காத தொட்டி

தண்ணீரைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. ஓர் உப்புக் கம்பெனியின் ஆய்வகத்தில் பல வருஷமாகக் கண்ணாடிக் குழாயும் கையுமாக இருக்கிறேன். எண் பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்வான் என்று வீட்டிலும் பேசித் திரிகிற ஆள் நான். அந்தத் திமிரோடுதான் முன்னறையில் இரண்டடி நீளத்துக்கு ஒரு கடல்மீன் தொட்டி வைத்தேன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட க்ளவுன் மீன் இரண்டு வாங்கி விட்டேன்.

தொட்டி அப்பாவுக்காக. அப்பா தண்டலாக இருந்தவர்; கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போகிற தோணிகளை நடத்தியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். அந்தக் கட்டிலை ஒட்டித்தான் தொட்டி. நாக்கு கொஞ்சம் குழறும், நினைவு குழறவில்லை. எந்தப் பயணத்தில் எந்த இடத்தில் காற்று திரும்பியது என்பது வரை சொல்வார். காலையில் காபி குடித்ததும் இடது கையால் தீனி டப்பாவைத் திறந்து, மீனுக்கு நாலு தீனி உருண்டை வீதம் எண்ணிப் போடுவார். நாள் முழுவதும் அவர் தானாகச் செய்த வேலை அது ஒன்றுதான். அதற்காகவே முகம் கழுவித் தலை சீவச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்.

தொட்டிக்குக் கல் வேண்டும். கடலில் பவளக்கல் எடுக்கத் தடை. ஆனால் எங்கள் பழைய வீட்டை இடித்தபோது பின்சுவரிலிருந்து வந்த பவளக்கல் ஒரு குவியல் கிடந்தது. இந்த ஊர்ப் பழைய சுவர்களில் அதுதானே கல். அதன் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கடற்கரை ஊரில் சுவரில் உப்புப் பூத்தால் யார் யோசிக்கிறார்கள்? கடல் உப்பு, கடல்மீனுக்கு நல்லதுதான் என்று ஒருநாள் ஊறவைத்துக் கழுவி உள்ளே அடுக்கினேன்.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி, கடைசியில் தண்ணீரில் நைட்ரேட்டாக நிற்கும். என் தொட்டியில் அது தானாகப் போக வழியில்லை. தண்ணீரை மாற்றித்தான் குறைக்க வேண்டும். குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டுகள் விட்டுக் குலுக்கினால் நிறம் வரும். மஞ்சள் என்றால் நல்லது, சிவக்கச் சிவக்கக் கெட்டது. புதுத் தொட்டியில் முதலில் கொஞ்சம் ஏறும் என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் மாதமும் சிவந்தது. ஸ்கூட்டரில் கேன் கட்டிக் கடல் தண்ணீர் கொண்டுவந்து பாதி மாற்றினேன். வாரம் முடிவதற்குள் பழையபடி சிவப்பு. கடல் தண்ணீரைத் தனியே சோதித்தேன், மஞ்சள். பில்டரைக் கழுவினேன், மணலைக் கிளறி அழுக்கை உறிஞ்சினேன், பலனில்லை. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்ததில் மிச்சம் இருந்தது அப்பா.

"எத்தன தடவ தீனி போட்டிய?" என்று கேட்டேன்.

"ஒரு தடவதாம்ல. காலைல."

"இல்லப்பா. போட்டத மறந்துட்டு மறுபடியும் போடுதிய."

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாமா ஒரு நேரந்தான் போடுதாவ. நான் பாத்துட்டுத்தான இருக்கேன்" என்றாள். இருபத்துநாலு மணி நேரமும் பார்த்துக்கொண்டா இருக்கிறாய் என்று அவள் வாயை அடைத்துவிட்டு, டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அப்பா இடது கையை மடியில் வைத்துக்கொண்டு மீன்களையே பார்த்திருந்தார்.

நைட்ரேட் இறங்கவில்லை. பிஸ்கட்டைப் பிய்த்துப் போடுகிறார் என்று நானே முடிவு கட்டி, கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினேன். அந்த வாரமே ஒரு மீன் செத்து மிதந்தது. அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. செத்த மீனை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன்.

"பாருங்க" என்றேன்.

அப்பா தட்டையும் என்னையும் பார்த்தார். "நானால கொன்னேன்?"

"பின்ன யாரு?"

அன்றிலிருந்து அப்பா எதையும் கேட்டுக் கேட்டுத்தான் செய்தார். மாத்திரை போட்டேனா, காபி குடித்தேனா, செபம் சொன்னேனா. மனைவி பதில் சொன்னாலும் நம்பாமல் கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பார். தோணியில் போன கதையை யாராவது கேட்டால், "எனக்கு எங்க நெனவு இருக்கு" என்று நிறுத்திவிடுவார். டாக்டரிடம் கூட்டிப்போய், மறதி வந்துவிட்டது என்று நானே சொன்னேன். வெளியே வந்ததும் மனைவியிடம், "பாத்தியா, அப்பவே சொன்னேன்லா" என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் அப்பாவைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றினாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் தொட்டியை அலசியபோது ஒரு கல்லை, அன்று கொண்டுவந்த கடல் தண்ணீரில், வாளியில் போட்டு வைத்திருந்தேன். எடுக்க மறந்துபோனேன். நாலு நாள் கழித்துக் கொட்டப் போகும்போது, கைப்பழக்கத்தில் அந்தத் தண்ணீரைச் சோதித்தேன். குழாய் ரத்தமாகச் சிவந்தது. அந்த வாளியில் மீன் இல்லை, தீனி இல்லை, அப்பா இல்லை. இன்னொரு கல்லையும் அதேபோல் ஊறப் போட்டுப் பார்த்தேன், அதுவும் சிவப்பு. அப்புறம்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. அந்தப் பின்சுவரை ஒட்டித்தான் எங்கள் ஆட்டுக்கொட்டில் இருந்தது. எத்தனையோ வருஷம் ஆட்டு மூத்திரத்தைக் குடித்த கல் அது. சுவரில் பூத்திருந்தது கடல் உப்பு அல்ல, வெடியுப்பு. வெடியுப்பு என்பதே நைட்ரேட்தான். தண்ணீர் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு ஒரு கல்லை வாளியில் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. பெற்ற தகப்பனைச் சந்தேகப்படத் தோன்றியிருக்கிறது. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

கற்களை அள்ளி வெளியே எறிந்தேன். கட்டிலை முன்னறைக்கே கொண்டுவந்து, அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, தப்பு என்மேலதான். கல்லுலேருந்துதான் வந்திருக்கு. நீங்க கூடுதலா ஒண்ணும் போடல. உங்களுக்கு மறதியும் இல்ல."

அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தீனி டப்பாவை அவருடைய இடது கையில் வைத்தேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"வேண்டாம்ல. நீயே போடு. நான் போட்டுட்டு மறந்துருவேன்."

"மறக்க மாட்டிய. கல்லுதான்னு சொல்லுதேன்லா."

"என் மனசு நோவக்கூடாதுன்னு சொல்லுத" என்று சிரித்தார்.

இப்போது தொட்டித் தண்ணீர் மஞ்சளாகவே இருக்கிறது. மிஞ்சிய ஒரு மீன் நன்றாக நீந்துகிறது. தினமும் காலையில் தீனி நான்தான் போடுகிறேன். டப்பா திறக்கும் சத்தம் கேட்டதும் கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வரும்.

"ஏலே, நான் ஒண்ணும் போடலல்லா?"

"போடலப்பா. நீங்க ஒருநாளும் கூடுதலாப் போடல" என்கிறேன். நான் சொன்ன பொய்யை ஒரு வாரத்தில் நம்பியவர், இதை மட்டும் இன்றுவரை நம்பவில்லை. மறுநாள் காலையிலும் கேட்கிறார்.