மேசைக் கரி

செடிப் பண்ணையில் மண்ணோடு கலக்கக் கரி உடைக்கிறவளை எல்லோரும் கரியக்கா என்றே கூப்பிட்டார்கள். பல் மட்டும்தான் தன் சொந்த நிறம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கரியைச் சாக்கில் கட்டி, தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்து, மரச்சுத்தியால் மிளகளவுக்கு உடைப்பாள். பிறகு சாணித் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போடுவாள். அவசரப்படுகிறவர்களுக்கு அவளிடம் நல்ல வசவு கிடைக்கும்.

"வெறும் கரி பசியோட இருக்கும்யா. மண்ணுல இருக்குற சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கும். செடி அதோட வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கணும்."

தச்சரான அவள் புருஷன் இறந்த பிறகு, அவருடைய வேலை மேசையைக் கரையான் அரித்துவிட்டது. குப்பையில் வீச அவளுக்கு மனம் வரவில்லை. பீப்பாயில் அடைத்து எரித்துக் கரியாக்கி, உடைத்து, அவர் நட்ட எலுமிச்சையின் வேரடியில் புதைத்தாள். கொஞ்ச நாளிலேயே இலைகள் மஞ்சளாயின.

மகள் வந்து மண்ணைக் கிளறிப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குற. நீயே ஊறப்போடாமலா போட்ட?"

"உங்கப்பா காலமெல்லாம் குனிஞ்சு வேலை செஞ்ச மேசைடி. அதைக் கொண்டுபோய்ச் சாணியில முக்கச் சொல்றியா?"



மறுநாள் காலையில் கரியக்கா வாளி நிறையச் சாணித் தண்ணீர் கொண்டுவந்து வேரடியில் மெல்ல ஊற்றினாள்.

"வயிறாரக் குடிங்க," என்றாள். "எப்பவும் எங்களுக்கு வெச்சுட்டுத்தானே சாப்பிடுவீங்க. இப்ப எல்லாத்தையும் நீங்களே இழுத்துக்கிட்டா, செடி என்னங்க பண்ணும்?"