நெட்டையம்மாவின் முழங்கால்

உங்கள் அத்தை மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து நின்று நின்றுதான் ஏறுவாள். போன தீபாவளிக்கு அதை நடித்துக் காட்டி நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். அத்தையும் கூடச் சேர்ந்து சிரித்தாள். நான் கையை ஓங்கினேன், காரணம் சொல்லவில்லை. எனக்குக் கோர்வையாகப் பேச வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அக்கா, அதாவது உங்கள் அத்தை, பிளஸ் டூ. வீடு பாளையங்கோட்டையில். அப்பா கூடங்குளத்தில் அணுமின் நிலைய வேலைக்கு வந்திருந்த ரஷ்யாக்காரர்களுக்குக் கார் ஓட்டினார். ஞாயிறுதோறும் ஓர் இன்ஜினீயரையும் அவர் மனைவியையும் திருநெல்வேலிக்குக் கூட்டி வருவார். அந்த அம்மா ஆறடிக்கு மேலே. சீட்டை எவ்வளவு பின்னால் தள்ளினாலும் முழங்கால் முன்னால் இடிக்கும். நாங்கள் நெட்டையம்மா என்றுதான் சொல்வோம்.

நெட்டையம்மாவுக்குக் கடைகண்ணி பிடிக்காது. ஒருநாள் பள்ளி மைதானத்தில் பந்து தட்டுகிற சத்தம் கேட்டு வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். அங்கே கூடைப்பந்து பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அக்காதான் அந்த அணியிலேயே உயரம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்பா அவரை அங்கே இறக்கிவிட்டு, துணைக்கு என்னை உட்காரவைத்துவிட்டு, இன்ஜினீயரோடு டவுணுக்குப் போய்விடுவார்.

"அந்தம்மா சம்பளத்துக்குப் பந்து ஆடுனவியளாம்" என்று ஒருநாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார்.

"பந்து ஆடச் சம்பளமா? ஒங்களுக்குக் காது சரியாத்தான் கேட்டுச்சா?" என்றாள் அம்மா.

"இன்ஜினீயரு சொல்லுதாரு. பதினஞ்சு வயசுலயே வீட்ட விட்டுப் போயி ஹாஸ்டல்ல தங்கி ஆடுனாவளாம். பெறகு போலந்து, பெறகு இத்தாலி. செவத்துல எல்லாம் படம் ஒட்டுவாங்களாம்."

"அம்புட்டுப் பெரிய ஆளு இங்கன வந்து ஏன் வெயில்ல காயுதாவ?"

"முட்டு போச்சுல்லா. மூணு ஆப்பரேஷன். இருபத்தாறு வயசோட எல்லாம் முடிஞ்சிட்டு."

அக்கா சோற்றில் கை வைத்தபடி இருந்தாள். "இத்தாலி எங்கனப்பா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். முட்டு போன கதை அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

சென்னையில் ஒரு விளையாட்டு விடுதிக்கு அந்த மாதம் ஆள் எடுத்தார்கள். தேர்வானால் தங்க இடம், சாப்பாடு, கல்லூரிப் படிப்பு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் பிளஸ் டூவோடு சரி. டவுணில் ஜவுளிக்கடையில் அக்காவுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். தேர்வு ஒரு புதன்கிழமை என்று முடிவானது.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை, பயிற்சியில் எம்பிக் கீழே வந்தபோது அக்காவின் இடது முழங்காலுக்குள் ஏதோ டக்கென்று சொடுக்கியது. ஓரத்தில் அவள் பையை வைத்துக்கொண்டு நின்ற எனக்கே கேட்டது. வீட்டுக்கு வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு பைய நடந்தாள்.

"ஏலே, வீட்டுல மூச்சு விடாத. தெரிஞ்சா அனுப்பமாட்டாவ. புதன்கிழமை வரைக்கும்தான்."

பெரியவர்கள் ரகசியம் ஒன்று முதல் தடவையாக என்னிடம் வந்திருந்தது. எனக்கு ஒரே பெருமை. அம்மாவுக்குத் தெரியாமல் தைலம் எடுத்துக் கொடுத்தேன். நீளப் பேண்ட்டுக்குள் அவள் துணி சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மைதானத்துக்குள் நாலு எட்டு வைத்ததுமே நெட்டையம்மா எழுந்துவிட்டார். நேரே போய் அவளை உட்காரவைத்து, மண்ணில் மண்டியிட்டு, காலைப் பிடித்து மெல்ல முன்னால் இழுத்துப் பார்த்தார். அக்கா பல்லைக் கடித்தாள். நெட்டையம்மாவின் முகம் வெளிறிவிட்டது. தன் பேண்ட்டை மேலே சுருட்டித் தன் முழங்காலைக் காட்டினார். மூன்று தழும்புகள். ஒன்று சாட்டை மாதிரி நீளம்.

"நியெத்" என்றார். பிறகு "பத்தோம், பத்தோம்" என்று இரண்டு தடவை.

அப்பா அடிக்கடி சொல்கிற ரஷ்ய வார்த்தைகள் அவை. எனக்குத் தெரியும். நியெத் என்றால் கூடாது. பத்தோம் என்றால் பிறகு. இப்போது கூடாது, பிறகு ஆடலாம் என்கிறார். அதோடு என் பக்கம் திரும்பி, கார் ஓட்டுகிற மாதிரி கையைச் சுழற்றி, "அப்பா, அப்பா" என்று என் நெஞ்சில் விரலால் தட்டினார். அப்பாவிடம் நான் சொல்ல வேண்டுமாம். அவருக்குப் பின்னால் அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்று கெஞ்சினாள்.

கார் வந்ததும் நெட்டையம்மா அப்பாவிடமும் முழங்காலைத் தொட்டுத் தொட்டு ஏதோ படபடவென்று பேசினார். அன்று இன்ஜினீயர் காய்ச்சலென்று டவுணுக்கு வரவில்லை. அவர் இருந்தால் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லியிருப்பார். அப்பா என்னிடம் கேட்டார்.

"என்னலே, முட்டு முட்டுன்னு காட்டுதாவ?"

"அவிய கதையச் சொன்னாவப்பா. ஆடி ஆடி முட்டு போயி, மூணு ஆப்பரேஷன் பண்ண கதை."

"பாவம், இன்னும் அதயே நெனச்சிக்கிட்டு இருக்காவ" என்று சொல்லிவிட்டு அப்பா நெட்டையம்மாவைப் பார்த்துப் பெரிதாகத் தலையாட்டினார். தன் பேச்சு புரிந்துவிட்டது என்று எண்ணிய அந்த அம்மா அமைதியாகிக் காரில் ஏறினார்.

புதன்கிழமை அக்கா நன்றாகத்தான் ஆடினாள். அடுத்தடுத்து நாலு பந்து கூடைக்குள் விழுந்தது. ஐந்தாவதற்கு எம்பினாள். கீழே வந்தபோது யாரும் அவளை இடிக்கவில்லை, யாரும் பக்கத்தில்கூட இல்லை. அப்படியே மடிந்து விழுந்தாள். ஆள் எடுக்க வந்தவர் கையிலிருந்த தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.

முதலில் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்தமாவும் குழைத்துப் பத்துப் போட்டார்கள். பிறகு பெரிய டாக்டர், உள்ளே ஜவ்வு முழுசாக அறுந்துவிட்டது, ஆப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார். பாதி கிழிந்திருந்தபோதே ஓய்வு கொடுத்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது என்றும் சொன்னார். "கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ளைக்குக் கால்ல தழும்பு போடவா?" என்று அம்மா அழுதாள். ஆப்பரேஷன் நடக்கவில்லை. நடக்க முடிந்ததும் அக்கா ஜவுளிக்கடைக்குப் போனாள். காலையிலிருந்து ராத்திரிவரை நின்றே பார்க்கிற வேலை.

வேலைக்குப் போகும் முன்னால் ஒரு ஞாயிறு நெட்டையம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். நிலைவாசலில் குனிந்து நுழைந்து, அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவளைப் போலவே ஒரு காலை நீட்டிக்கொண்டார். அப்பா அம்மாவிடம், "இவியளுக்கும் இப்படித்தான் ஆச்சாம். அன்னைக்கே நம்ம பய சொன்னான்" என்று என்னைக் காட்டினார். நெட்டையம்மா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அழுதிருப்பேன். அவர் கோபப்படவில்லை. அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவும் இல்லை.

அக்காவும் கேட்கவில்லை, இன்றுவரை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினோம், அதனால்தான் அக்காவுக்கு நம்மேல் வருத்தமில்லை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. மைதானத்தில் அந்த ஞாயிறு, அவள் தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்று கெஞ்சியபோதே, இவன் எப்படியாவது அப்பாவிடம் சொல்லிவிட மாட்டானா என்று அவளுக்குள்ளே ஒரு மூலையில் இருந்திருக்கும். அது எனக்கு அப்போது தெரியவில்லை.