எட்டு வீட்டு அரிசி

வீட்டில் இருந்தபடியே மூன்று முறை தொழில் தொடங்கியவள் நான். கல்யாணத்துக்கு முன் மலாயாவில், ஜெராம் என்ற ஊரில் தென்னை ஈர்க்கு சீவி விளக்குமாறு கட்டி விற்றேன். பேரன் பேத்தி எடுத்த பிறகு ஈஜோக்கில் முறுக்குச் சுற்றினேன். இரண்டிலும் நஷ்டமில்லை, பீற்றிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. நெஞ்சை நிமிர்த்தி நான் சொல்வது நடுவில் செய்த தோசைத் தொழிலைத்தான்.

அப்போது மலாயாவில் வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம். கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் என் கணவர் பால்மரம் வெட்டினார், மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. நான் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தேன். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் கேட்டைத் தாண்டி ஒரு கவளம் கொண்டுபோக முடியாது. விடியலில் வெறும் தண்ணீரோடு போய், உச்சி வெயிலில் காய்ந்த வயிறோடு திரும்புவார்கள். பெண்களும் வெட்டுக்குப் போகிறவர்கள். வந்த பிறகுதான் அடுப்பே மூட்டுவார்கள். என் கணவர் மட்டும் வந்ததும் உட்கார்ந்து தோசை தின்பதை அடுத்த வீட்டுக்காரி பார்த்தாள். அவ்வளவுதான், தொழில் பிறந்துவிட்டது.

முதல் என்று கையில் ஒன்றும் கிடையாது. ஆட்டுக்கல்லும் தோசைக்கல்லும் இருந்தன. விறகுக்குப் பட்டுப்போன ரப்பர் மரம். அரிசியோ ரேஷன் அட்டைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பது. அதனால் அவரவர் பங்கிலிருந்து பால் டின்னால் அளந்து தரச் சொன்னேன். உளுந்தும் உழைப்பும் என்னுடையவை. சுட்டுக் கொடுப்பதற்குக் கூலி. எட்டு வீட்டு அரிசி ஒரே அண்டாவில் ஊறியது. அதில் இருந்த ஆபத்து எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு மத்தியானம் சோதனை வந்தது. மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன், அவருக்கு மொழிபெயர்க்கத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, வீடு காட்ட எங்களை வேலை வாங்கும் மண்டோர். சார்ஜன் அண்டாவைத் திறந்து பார்த்தார். எங்கள் அட்டையை வாங்கிப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரு கைக்குழந்தையும் இருக்கிற வீட்டில் இத்தனை அரிசி யாருக்கு என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சரியில்லையென்றால் முகாமில் கொண்டுபோய் அடைத்துவிடுகிற காலம். தோசைக்கு என்றேன். கிராணி சிரித்தார். எட்டு வீட்டு அரிசி என்றேன். வாசலில் கூடியிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்கள் அட்டையும் போய்விடலாம். குழந்தையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்று மட்டும் பயந்தேன். இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது முன்னால் வந்தவள் மண்டோரின் மனைவி. என் வாசலை ஒருநாளும் மிதிக்காதவள். அரிசியைக்கூட அடுத்தவள் கையில்தான் கொடுத்தனுப்புவாள்.

“அதுல ஒரு டின்னு எங்க வீட்டு அரிசிங்க ஐயா,” என்றாள் கிராணியிடம். “இந்தப் பொண்ண கொண்டுபோறதுன்னா என்னையும் கொண்டுபோங்க.”

மண்டோரின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். “தோசை நீ சுட்டதுன்னு சொன்னியே?”

“சொன்னேன். சுட்டது இவதான்.”

தன் கைப்பக்குவம் என்று புருஷனிடம் அத்தனை நாள் வாங்கிய பேரை, லயமே கேட்க விட்டுக்கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக, எங்கள் வீட்டு அரிசியும் இருக்கிறது என்று வாய் திறந்தார்கள். சார்ஜன் எட்டு வீட்டு அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார். இனி அவரவர் அரிசி அவரவர் வீட்டிலேயே ஊற வேண்டும் என்று கடிந்துவிட்டுப் போனார். தொழிலை நிறுத்தச் சொல்லவில்லை.

மறுநாள் ஊறிய அரிசியோடு முதலில் என் வீட்டுக்கு வந்தவள் மண்டோரின் மனைவிதான். உள்ளே வந்து ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாவு எப்படி இவ்வளவு பொங்குகிறது, என்ன சேர்க்கிறாய் என்று மெதுவாகக் கேட்டாள். என்னைக் காப்பாற்றியவள், சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனாலும் அதை மட்டும் சொல்லவில்லை. தொழில் என்னுடையது.