ராசியான காந்தம்

என் தம்பி பெண்டாட்டிக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் சந்தேகம். வைத்தவன் என் தம்பி. கல்யாணமான புதிதில் இருவரும் வெளியே கிளம்பினால், தெருமுனை வரை போய்விட்டு, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க அவள் திரும்பி வருவாள். அடுப்பு அணைந்துதான் இருக்கும். பிறகு கதவைப் பூட்டுவாள், திறப்பாள், மறுபடி பூட்டுவாள், பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்ப்பாள். "போதும்மா, பூட்டு கையோட வந்துடப் போகுது" என்று நான் கத்துவேன். காதில் விழாத மாதிரி இன்னொரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் வருவாள். நான் முன்கோபி, அவள் நிதானம். ஒரே வீட்டில் நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும். போதாக்குறைக்கு இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை. நாங்கள் சண்டை போடாத நாளில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று தம்பி பயந்துவிடுவான்.

வேலை பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில். நான் கீழ்த்தளத்தில் ஸ்டோர் பார்க்கிறேன். குடுவை, கரைப்பான், கையுறை, வடிதாள் எல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும். அவள் மாடியில் ஆராய்ச்சி செய்கிறாள். முனைவர் பட்டம் வாங்கியவள்தான், ஆனால் வருஷா வருஷம் நீட்டித்துக் கொடுக்கிற தற்காலிக வேலை. வருஷக் கடைசி வந்தால் சரியாகத் தூங்க மாட்டாள். நீட்டிப்பு வந்ததும் முகம் தெளியும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததிலிருந்து அந்தத் தெளிச்சலும் குறைந்து போனது.

அவள் வேலை வினையூக்கிகளோடு. அப்படியென்றால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன்.

"கல்யாணத் தரகர் மாதிரி அண்ணி. ரெண்டு பேரைச் சேத்து வச்சுட்டு, தான் எதுலயும் ஒட்டாம அடுத்த வீட்டுக்குப் போயிடுவார்."

"கமிஷன் வாங்காமலா?"

"அதுவும் வாங்க மாட்டார். அதனாலதான் அவருக்கு இவ்வளவு கிராக்கி."

பொருள்கள் சேர்ந்தனவா இல்லையா என்று பார்ப்பது என்.எம்.ஆர். கருவியில். அது தரைத்தளத்தில் தனி அறையில், கால் முளைத்த தண்ணீர்த் தொட்டி மாதிரி ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். உள்ளே இருப்பது பயங்கரமான காந்தம். குடுவையிலிருந்து சொட்டு எடுத்து, பென்சிலை விட மெல்லிய கண்ணாடிக் குழாயில் விட்டு, உள்ளே இறக்கினால் திரையில் ஊசி ஊசியாகக் கோடுகள் எழும்பும். பீக் என்பார்கள். போட்ட பொருளின் பீக் குறைந்து புதுப் பொருளின் பீக் வளர்ந்தால் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். பீக் படிப்பதில் அவளுக்கு இணை அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. நாத்தனார் வாயால் சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அறைக்குள் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். அதற்கு அந்தப் பக்கம் இரும்பு போகக் கூடாது. சிறு வயதில் விழுந்ததில் என் காலில் தகடு வைத்திருக்கிறது. அது எந்த உலோகமோ, "எதுக்கும் கோட்டுக்கு வெளியிலயே நில்லுங்க அண்ணி" என்பது அவள் உத்தரவு. கதவைத் தாண்டி நுழைவேன், கோட்டோடு நின்றுகொள்வேன்.

அறைச் சாவி என் பொறுப்பில். நிரந்தர வேலைக்காரர்களுக்குத் தனித்தனிச் சாவி உண்டு. தற்காலிகக்காரர்கள் காலையில் ஸ்டோரில் வாங்கி, சாயங்காலம் திருப்பித் தர வேண்டும். வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவோம். நான் ஸ்டோரைத் திறந்து ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்காருவேன். அவள் ஜன்னலுக்கு முன்னால் வந்து கை நீட்டுவாள். சாயங்காலம் சாவியைத் திருப்பி என் கையில் வைப்பாள். அந்த நேரத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

இரண்டு மூலக்கூறுகளை ஒட்டவைக்கும் ஒரு வேலைக்கு எல்லோரும் பல்லேடியம் என்ற உலோகத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். யானை விலை. இவள் அதை இரும்பால் செய்ய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம் வாயெல்லாம் பல்லாக ஸ்டோருக்கு வந்தாள். புதுப் பீக் வந்துவிட்டது. மறுபடி செய்தாள், வந்தது. மறுபடியும் வந்தது. துறைத்தலைவர் தரையில் கால் பாவாமல் நடந்தார். அவருடைய குழுதானே. போகிற கூட்டத்திலெல்லாம் இரும்பு, இரும்பு என்று பேசினார். கட்டுரை எழுதி இதழுக்கு அனுப்பினார்கள். அதே சமயம் ஒரு நிரந்தர வேலைக்கும் விளம்பரம் வந்தது. "இந்த இரும்பைக் கொண்டுபோய் நேர்காணல்ல வைங்க, போதும்" என்றார் அவர்.

குடுவைக்குள் இருப்பதைக் கலக்க, மாத்திரை அளவில் வெள்ளை உறை போட்ட சின்னக் காந்தம் ஒன்று போடுவார்கள். அடியில் இருக்கும் தட்டு சுழற்ற, அது உள்ளே சுழலும். அவளிடம் இருந்த காந்தம் அந்த மேசையில் அவளுக்கு முன்னால் வேலை பார்த்தவர் விட்டுப்போனது. வெள்ளை உறை சாம்பல் நிறமாகி, கீறல் விழுந்து, பார்க்கச் சகிக்காது. "புதுசு தர்றேன், அதத் தூக்கிப் போடு" என்பேன். "இது ராசியான காந்தம் அண்ணி. முதல் பீக் இதுலதான் வந்துச்சு" என்று எடுத்து வைத்துக்கொள்வாள். ராசி, நேரம் என்று நான் எதையாவது சொன்னால் சிரிக்கிறவள் அவள்.

நேர்காணலுக்குச் சில நாள் முன்பு, பக்கத்து மேசைக்காரர் அவசரத்துக்கு அந்தக் காந்தத்தை எடுத்துவிட்டார். இவள் என்னிடம் புதுசு வாங்கிப் போட்டாள். வேலை நடக்கவில்லை. புதுப் பீக் கடுகளவும் இல்லை. குடுவையில் ஈரம் என்று நினைத்துச் சுடவைத்துக் காயவைத்தாள். காற்று புகுந்துவிட்டது என்று மறுபடி செய்தாள். இல்லை. கடைசியில் என் ஜன்னலுக்கு வந்தாள்.

"அண்ணி, இந்தத் தடவ வந்த கரைப்பான் சரியில்லயோன்னு தோணுது."

எனக்கு வந்ததே கோபம். "என் ஸ்டோர் மேல பழியா? ஊரே அதத்தான் வாங்கிட்டுப் போகுது. உன் இரும்புக்கு மட்டும் ஒத்துக்கலயாமா?" என்று கத்தினேன். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அன்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் வேறு வேறு சீட்.

மறுநாள் பழைய காந்தம் கைக்கு வந்தது. போட்டாள். பீக் வந்தது. பக்கத்து மேசைக்காரர், "பாத்தீங்களா, ராசி" என்று கேலி செய்தார். இவளும் சிரித்திருக்கிறாள். ஆனால் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டாள். எங்கள் வீட்டுச் சந்தேகம் முழித்துக்கொண்டது. மேலே போனாள். இரும்பே போடாமல், மற்ற எல்லாவற்றையும் போட்டு, அந்தப் பழைய காந்தத்தை மட்டும் சுழலவிட்டாள்.

சாயங்காலம் சாவி வரவில்லையே என்று நான் அந்த அறைக்குப் போனேன். திரை முன் உட்கார்ந்திருந்தாள். கோட்டோடு நின்று, "என்னாச்சு?" என்றேன்.

"இரும்பு போடல அண்ணி. பீக் வந்திருக்கு."

"நல்லதுதானே?"

"இரும்பு ஒண்ணுமே செய்யல. இந்தக் காந்தத்துமேல ஒட்டியிருக்கிற அழுக்குதான் செய்யுது. எனக்கு முன்னாடி இருந்தவர் பல்லேடியத்துல வேலை பாத்தவர். கீறலுக்குள்ள துளி தங்கிடுச்சு. எத்தனை கழுவியும் போகல. இத்தனை நாள் அதுதான் ஒட்ட வச்சிருக்கு. இரும்பு சும்மா பேர் வாங்கிக்கிட்டு இருந்திருக்கு."

 நேர்காணல் தலைக்கு மேல் நிற்கிறது. கையில் இருப்பது அந்த இரும்பு ஒன்றுதான். அது போனால் வேலை போனது மாதிரிதான்.

"இத யார்கிட்ட சொன்ன?"

"உங்ககிட்டதான்."

"அப்ப வாய மூடிக்கிட்டு இரு. வேலை கைக்கு வரட்டும், அப்புறம் மெதுவாச் சொல்லலாம். ஒரு வாரத்துல இரும்பு எங்கயும் ஓடிப் போயிடாது."

அவள் திரையை அணைத்துவிட்டு, சாவியை என் கையில் வைத்தாள். வீட்டில் தம்பியும் என் பக்கம்தான் பேசினான். தட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்தவள், "அடுப்பு எரியுதுன்னு தெரிஞ்சும் பூட்டிட்டுப் போகச் சொல்றீங்க" என்றாள். அவ்வளவுதான். எனக்கு ஆத்திரமாக வந்தது. சரியாகத்தான் சொல்கிறாள் என்று தெரிந்ததால் ஆத்திரம் இன்னும் கூடியது.

காலையில் முதல் வேலையாகத் துறைத்தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மனிதர் நம்பாமல், புதுக் காந்தம் ஒன்றை வாங்க அவரே என் ஜன்னலுக்கு வந்தார். தானே நின்று இரண்டு விதமாகவும் செய்து பார்த்தார். மத்தியானம் படி இறங்கி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. இரும்பு இரும்பு என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறார். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நேர்காணலுக்கு அந்தக் காந்தத்தைச் சின்னச் சீசாவில் போட்டு எடுத்துப் போனாள். வந்திருந்த மற்றவர்கள் தங்களுக்கு வந்ததைக் காட்ட, இவள் தனக்கு வராததைக் காட்டினாளாம். எப்படி ஏமாந்தேன், எப்படிக் கண்டுபிடித்தேன், எந்தப் பீக்கை எதனோடு ஒப்பிட்டேன் என்று மட்டும். தலைவர் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார் என்றாள். பிறகு பல நாள் முடிவு பற்றிப் பேச்சே இல்லை. வருஷக் கடைசி நெருங்கியது. காலையில் சாவி, சாயங்காலம் சாவி. நான் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டேன். அதுதான் அவளைப் பயமுறுத்தியது என்று பிற்பாடு சொன்னாள்.

ஆனால் ஒரு கூத்து நடந்தது. துறையில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக என் ஜன்னலுக்கு வந்து புதுக் காந்தம் கேட்க ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் பயம் பிடித்துவிட்டது. "எதுக்கும் பாத்துக்கலாம்னுதான்" என்று அசடு வழிந்தார்கள். காந்த டப்பா காலியானது. எங்கள் வீட்டு வியாதி கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. வீட்டில் தம்பி, தன் டீ அன்றைக்கு அபாரம் என்று பீற்றிக்கொண்டபோது அவள் நிமிர்ந்து, "வெறும் தண்ணியில அந்தக் கரண்டியப் போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். வெகுநாள் கழித்து அன்று மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம்.

ஒரு நாள் தலைவர் ஜன்னலுக்கு வந்தார். இவரும் காந்தம் கேட்கப் போகிறார் என்று, "தீந்துடுச்சு சார்" என்றேன்.

"அது வேண்டாம். என்.எம்.ஆர். அறைச் சாவி ஒண்ணு எடுங்க. உங்க தம்பி வீட்டம்மாகிட்டயே குடுத்துடுங்க. இனிமே அந்த அறை அவங்க பொறுப்பு. மேலே மேசையும் அப்படியே இருக்கும்." இரண்டு அடி போய்த் திரும்பினார். "நான் பாக்கற பீக்கையும் இனி அவங்க பாத்துச் சொல்லட்டும்" என்றுவிட்டுப் போய்விட்டார்.

 ஸ்டோரைத் திறந்தபடியே போட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு ஓடினேன். அவள் ஏணிமேல் நின்று கருவியைக் குளிரவைக்கிற திரவ நைட்ரஜனை நிரப்பிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் வெள்ளைப் புகை. கோட்டில் நின்று சாவியை ஆட்டினேன். "அண்ணி, இரும்பு! அங்கயே நில்லுங்க!" என்று அலறினாள். முடித்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டு கோட்டைத் தாண்டி என்னிடம் வந்தாள். சாவியை உள்ளங்கையில் வைத்தேன்.

"இந்தா. சாயங்காலம் திருப்பித் தர வேண்டாம்."

"யாரு சொன்னாங்க?"

"அவரே வந்து சொன்னார்."

"என்னையா சொன்னார்? நல்லாக் கேட்டீங்களா அண்ணி?"

"நல்லாக் கேட்டேன்மா."

அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைக் கதவுக்கு வெளியே கூட்டி வந்து, கதவைச் சாத்தி, அந்தச் சாவியால் பூட்டினாள். திறந்தாள். மறுபடி பூட்டினாள். பிடித்து இழுத்துப் பார்த்தாள். திறந்தாள். நான் கத்தப் போகிறேன் என்று நினைத்தோ என்னவோ, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடு" என்றேன்.