கூடத்துக் குளிர்பெட்டியும் நைட்ரஜன் கேனும்

என் மனைவி இறந்த மறுநாள் காலை, ஆர்.எஸ்.புரம் வீட்டுக் கூடத்தில் குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கனடாவிலிருந்து மகள் வந்து சேரும்வரை உடல் அதில் இருக்க வேண்டும். மனைவியின் தம்பி தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பும் கறவை மாடுகளும் வைத்திருப்பவர். பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துண்டால் துடைத்தபடி நெடுநேரம் நின்றவர், பிறகு என்னருகில் வந்து அமர்ந்தார்.

“மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. வெளிநாட்டுல ஒடம்பை ஒறைய வெச்சுப் பொறகு எழுப்பிப்போடறாங்களாமே. அக்காளை அப்படி வெக்க முடியாதுங்களா?”

உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். “இதுவரைக்கும் ஒருத்தரையும் எழுப்பினதில்லீங்க மாப்ள,” என்றேன்.

“மாட்டு டாக்டரு நைட்ரஜன் கேன்ல இருந்து எடுத்துப் போடற சினை ஊசி பலிக்குதுங்களே. எங்கூட்டுச் செவலைக் கன்னு அப்படிப் பொறந்ததுதானுங்க. மாட்டுக்கு ஆவறது மனுசனுக்கு ஆவாதுங்களா?”

அந்தக் கேள்வியை இன்றும் வியக்கிறேன். இறந்த உடலை உறையவைத்துக் காக்கும் கிரையோனிக்ஸ் என்னும் முயற்சியின் வேரே அதுதான். விந்தணு ஒற்றைச் செல்; உறைந்தும் மீள்கிறது. எண்ணற்ற செல்கள் பின்னிய மனித மூளை அவ்வாறு மீண்டதில்லை என்று விளக்கினேன். உயிரோடு உறங்கவைப்பதாகப் பலர் எண்ணுவதும் பிழை. மருத்துவர் மரணத்தை அறிவித்த பிறகே பணி தொடங்கும். ஆனால் உடனே தொடங்கியாக வேண்டும். வெறுமனே உறையவிட்டால் பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். ஆகவே குருதியை அகற்றி, காப்புத் திரவம் செலுத்தி, திசுக்களைக் கண்ணாடிபோல் இறுகச் செய்து, திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். எங்கள் கூடத்துப் பெட்டியோ அழிவைச் சிறிது தள்ளிப்போடுவது மட்டுமே.

இதை நாடுவோரை மரணத்துக்கு அஞ்சியவர்கள் என்று நகைப்பவர்கள் உண்டு. என்னால் நகைக்க இயலவில்லை. இதைச் செய்வோருள் நேர்மையானவர்கள் எதற்கும் உறுதி தருவதில்லை. இன்றைய மருத்துவம் கைவிட்ட ஒருவரை, தாங்கள் காணப்போகாத ஒரு மருத்துவத்திடம் ஒப்படைக்கிறார்கள். திரும்பி வருவார் என்ற உறுதி இல்லாமலேயே ஒருவரைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு எத்தனை பொறுமை வேண்டும்!

“அப்ப நமக்கு நேரம் தாண்டிப்போச்சுங்களா மாமா?”

“நேத்தே தாண்டிப்போச்சுங்க.”

அவருக்காகச் சொன்ன சொற்கள்தாம். என் காதிலும் விழுந்தன.

அவர் பெட்டியைப் பார்த்தார். “அதுவுஞ்சரிதானுங்க. அக்காளுக்குக் குளுரே ஆவாது. மார்கழில ஃபேன் போட்டா ஊட்டையே ரெண்டாக்கிப்போடும். கண்ணு முழிச்சா, ‘எதுக்குடா என்னை இதுக்குள்ள போட்டே’ன்னு மொதல்ல என்னையத்தான் வையும்.”

“அடுத்தது என்னைத்தான்,” என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாலையில் மகள் வந்தாள். பெட்டியைத் திறந்ததும் தாயின் கன்னத்தைத் தொட்டு, “சில்லுனு இருக்காங்கப்பா,” என்றாள். மைத்துனர் எழுந்து உள்ளே போய், அலமாரியிலிருந்து என் மனைவியின் கம்பளிச் சால்வையை எடுத்து வந்தார். நான் சுவிட்சை அணைத்தேன். அவர் தம் அக்காளுக்குக் கழுத்துவரை போர்த்திவிட்டார்.